சாலையை அகலப்படுத்த யார் பணம் தர வேண்டும்? ஜொகூர் மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஜொகூர் பாரு - புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை செல்லும் ஆர்டிஎஸ் ரயில், 2026ஆம் ஆண்டு இறுதியில் சேவையைத் தொடங்கும் இலக்குடன் அமைக்கப்பட்ட திட்டமாகும். அது ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லக்கூடியது. ஆனால், அந்தப் பயணிகள் முதலில் புக்கிட் சாகார் நிலையத்தை வந்தடைய வேண்டும். ஸ்கூடாய், தெப்ராவ், பாசிர் கூடாங் பக்கமிருந்து நகருக்குள் வரும் சாலைகள் வேலை நேரத்தில் ஏற்கெனவே நெரிசலில் திணறுகின்றன.

சாலைகளை அகலப்படுத்தவும் பாலங்களை மேம்படுத்தவும் நிதி வேண்டும் என்பது ஜொகூரில் அடிக்கடி எழும் கோரிக்கை. மத்திய அரசுக்கு ஜொகூர் ஈட்டித் தரும் வருமானத்தில் கூடுதல் பங்கு மாநிலத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று மந்திரி பெசார் டத்தோ ஓன் ஹஃபிஸ் காஸி கேட்டு வருவதற்கும் இதுபோன்ற தேவைகள் ஒரு காரணம். நம் ஊர்ச் சாலைக்கு ஏன் புத்ராஜெயாவைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி பலருக்கும் எழலாம்.

சாலை யாருடையது?

மலேசியாவில் சாலைகளுக்குத் தனித்தனி உரிமையாளர்கள் உண்டு. ஜொகூர் பாருவின் முக்கியச் சாலைகள் பல, கூட்டரசுச் சாலைகள். ஸ்கூடாய் நெடுஞ்சாலை 1ஆம் எண், தெப்ராவ் நெடுஞ்சாலை 3ஆம் எண், பாசிர் கூடாங் நெடுஞ்சாலை 17ஆம் எண் கொண்டவை. இவற்றை அகலப்படுத்தும் முடிவும் பணமும் மத்திய அரசிடம் உள்ளன. பணிகளைக் கவனிப்பது பொதுப்பணி அமைச்சு.

எண்ணுக்கு முன் 'ஜே' என்ற எழுத்து இருந்தால் அது ஜொகூர் மாநிலச் சாலை. குடியிருப்புப் பகுதிகளுக்குள் உள்ள சாலைகளைப் பொதுவாக மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்கள் கவனிக்கின்றன. டோல் நெடுஞ்சாலைகள் சலுகை நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன.

டோல் சாலையிலும் அரசாங்கம் தலையிடுவதுண்டு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங் வடக்கு முதல் செனாய் வடக்கு வரை நான்கு தடங்களை ஆறாக உயர்த்தும் திட்டம், 93 கோடியே 10 லட்சம் ரிங்கிட் செலவில் 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

பராமரிப்பு வேறு, விரிவாக்கம் வேறு

மாநிலச் சாலைகளுக்காக மத்திய அரசு ஒவ்வோர் ஆண்டும் மானியம் தருகிறது. இது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது விதியில் உள்ள கடமை. ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, தகுதிபெற்ற சாலைகளின் மொத்த நீளத்தால் பெருக்கித் தொகை கணக்கிடப்படுகிறது. 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் இருக்கும் சாலைகளே இக்கணக்கில் சேரும்.

அந்தப் பணத்தை ஏன் விரிவாக்கத்துக்குப் பயன்படுத்துவதில்லை? பராமரிப்பு என்றால் என்ன என்பதை அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையே விளக்குகிறது. சாலையையும் பாலத்தையும் முதலில் கட்டப்பட்ட நிலைக்கோ, பின்னர் மேம்படுத்தப்பட்ட நிலைக்கோ இயன்றவரை நெருக்கமாக வைத்திருப்பதுதான் பராமரிப்பு. குழியை மூடலாம், தார் போடலாம். இரண்டு தடங்களை நான்காக்க வேண்டுமானால் தனி ஒதுக்கீடு தேவை. அதனால்தான் பெரிய திட்டங்கள் ஐந்தாண்டு மலேசியத் திட்டத்திலும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறக் காத்திருக்கின்றன.

பாலமும் நிலமும்

ஆறு தடச் சாலை நான்கு தடப் பாலத்தில் போய் முடிந்தால் நெரிசல் தீராது; பாலத்தின் வாயிலுக்கு இடம் மாறும். சாலையும் பாலமும் ஒன்றாகத் திட்டமிடப்பட வேண்டும். பாலத்தின் உயரமும் முக்கியம். 2006-2007இல் கோத்தா திங்கியிலும், 2023 மார்ச்சில் மாநிலத்தின் பல மாவட்டங்களிலும் ஏற்பட்ட வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விரிவாக்கத்துக்கு நிலமும் வேண்டும். தனியார் நிலம் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறது. இழப்பீடு போதவில்லை என்று கருதும் உரிமையாளர் 'என்' பாரத்தின் மூலம் ஆட்சேபம் தெரிவித்து, விவகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். விசாரணையில் கலந்துகொண்டவருக்கு இதற்கான அவகாசம், தீர்ப்பு நாளிலிருந்து 6 வாரங்கள்.

நில உரிமைப் பத்திரம் இல்லாத கோயில்களின் நிலைமை சிக்கலானது. கோயில் எத்தனை தலைமுறை பழைமையானதாக இருந்தாலும், சாலைக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் இருந்தால் நிர்வாகத்தினர் உரிமையாளராக இழப்பீடு கோர முடியாது. விரிவாக்கம் பற்றிய பேச்சு எழும் முன்பே நில அலுவலகத்தில் நிலையைச் சரிபார்ப்பது நல்லது.

தோட்டச் சாலைகளின் நிலை

நகரத்தார் புத்ராஜெயாவின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்களின் சிக்கல் இதற்கும் முந்தையது. லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வரும் செம்மண் பாதையும், இடையில் உள்ள சிறு பாலமும் பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் தனியார் சொத்து. அவை மாரிஸ் பதிவேட்டில் இல்லாததால் மானியக் கணக்கிலும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் அன்றாடம் பயன்படுத்தினாலும், சட்டப்படி அது தனியார் பாதைதான்.

ஆகவே, மனு எழுதும் முன் உறுதி செய்ய வேண்டியது சாலையின் உரிமையாளர் யார் என்பதை. மாவட்ட நில அலுவலகத்திலும் பொதுப்பணித் துறையிலும் இதைக் கேட்டறியலாம். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணித் துறையையும் நாடாளுமன்ற உறுப்பினரையும், மாநிலச் சாலை என்றால் சட்டமன்ற உறுப்பினரையும், குடியிருப்புச் சாலை என்றால் ஊராட்சி மன்ற உறுப்பினரையும் அணுகலாம்.

தோட்டப் பாதை என்றால் தார் போடச் சொல்லி மட்டும் கேட்பது போதாது. பாதைக்குரிய நிலத்தை நிறுவனம் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அது பொதுச் சாலையாகி மாரிஸ் பதிவேட்டில் சேர வேண்டும். இதையும் மனுவில் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். தேர்தல் நேரத்தில் ஒருமுறை கொட்டப்படும் கல் அடுத்த மழையில் கரைந்துவிடும். பதிவேட்டில் ஏறிய சாலைக்கு ஆண்டுதோறும் பராமரிப்புப் பணம் கேட்க வழி இருக்கிறது.