ரொக் வாசிக்க எந்த அம்ப்?

மின் கிட்டாரை எதிலும் இணைக்காமல் மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. கம்பிகளுக்குக் கீழே உள்ள பிக்கப்பில் ஒரு காந்தமும் அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. உருக்குக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்சைகை பிறக்கும். அதைப் பெருக்கி ஸ்பீக்கரை அசைப்பது அம்ப்ளிஃபயர், அதாவது இசைக்காரர்கள் வாயில் 'அம்ப்'. வீட்டுப் பாட்டுப் பெட்டியில் கிட்டாரைச் செருகினால் ஒலி மெலிந்து, காதைக் குத்தும். கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அடக்கிவிடுவதால்தான் அந்தக் குத்தல் நீங்கி ஒலிக்குக் கனம் வருகிறது. ஆகவே அம்ப் ஒரு துணைக் கருவி அல்ல, வாத்தியத்தின் மறுபாதி.

ரொக் இசைக்கு இன்னொன்றும் வேண்டும். அம்ப் தாங்கும் அளவுக்கு மேல் சைகையை ஏற்றினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். ஒலி கரகரத்து, நீண்டு நிற்கும். வானொலிப் பெட்டி செய்தவர்கள் பிழை என்று ஒதுக்கிய இந்தக் கரகரப்பையே ரொக் கலைஞர்கள் தேடிப் போனார்கள். 1964இல் 'கின்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் தமது சிறிய அம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர அலகால் கிழித்துக்கூட அதை வரவழைத்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, லண்டன் ஹான்வெல்லில் ட்ரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷலின் ஆட்கள் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் அம்பைப் பார்த்துத் தங்கள் முதல் அம்பைச் செய்திருந்தார்கள். மார்ஷல் என்ற பெயர் ரொக்கின் அடையாளமாகிப் போனது அங்கிருந்துதான்.

இலங்கையில் சிலாபம் தொடங்கி நீர்கொழும்பு வரையான கரையோரத்தில் கிட்டார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பைலா என்ற ஆட்டப் பாட்டு. அதற்குக் கிட்டார் ஒலி துலக்கமாக, வெட்டி வெட்டி விழ வேண்டும். ரொக் வாசிக்கும் இளைஞர் அடுத்த நாள் கல்யாண வீட்டில் பைலா வாசிக்க வேண்டிவரும். ஆகையால் இங்கே வாங்கும் அம்பில் துலக்கமான ஒலிக்கு ஒரு சனலும் கரகரப்புக்கு ஒரு சனலுமாக இரண்டு இருப்பதும், காலால் மாற்ற சுவிட்ச் இருப்பதும் அவசியம்.

வாட் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100 வாட் அம்ப் 50 வாட்டைவிட இரு மடங்கு சத்தம் போடாது. கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். கண்ணாடிக் குழல் வால்வுகளால் சைகையைப் பெருக்கும் வால்வு அம்பில், ஒலியளவை நன்றாகத் திறந்து விட்டால்தான் நல்ல கரகரப்பு வரும். பெரிய வால்வு அம்பை வீட்டில் அந்த அளவுக்குத் திறக்க முடியாது. வீட்டுக்கு 5 வாட் வால்வு அம்பே தாராளம். ட்ரம்ஸோடு வாசிக்க 15 முதல் 30 வாட் போதும். திறந்த வெளி மேடையில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்தால் மிச்சத்தை மேடை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும். ட்ரான்சிஸ்டர் அம்பாக இருந்தால் ட்ரம்ஸுக்கு ஈடுகொடுக்க 50 வாட்டாவது வேண்டும். எதுவானாலும் 12 அங்குல ஸ்பீக்கர் நல்லது. 8 அங்குலத்தில் அடிநாதம் எழாது.

வால்வு அம்ப் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப இளகியும் இறுகியும் பதில் சொல்லும். ஆனால் பாரம் அதிகம், விலை அதிகம், வால்வுகள் தேயும். ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்கினால் உள்ளே உள்ள வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோர்மர் எரிந்துபோகலாம். பல அம்புகளின் ஒலியைக் கணினிச் சில்லால் போலச்செய்யும் மொடலிங் அம்புகள் இப்போது நன்றாகவே தேறிவிட்டன. பொஸ் கட்டானா 50 போன்றவற்றில் வலுவை அரை வாட்டுக்கு இறக்கவும் முடியும். முதல் அம்ப் வாங்குகிறவருக்கு இந்த வகையே பொருத்தம்.

பாவித்த அம்ப் வாங்குவோர் பின்பக்கத் தகட்டை முதலில் படிக்க வேண்டும். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானுக்காகச் செய்தவை 100 வோல்ட், அமெரிக்காவுக்காகச் செய்தவை 120 வோல்ட். நேரே செருகினால் பியூஸோடு போகலாம், ட்ரான்ஸ்ஃபோர்மரோடும் போகலாம்.

குழுவோடு வாசிக்கையில் நடு ஒலியைக் குறைத்து, அடியையும் உச்சத்தையும் ஏற்றுவது இளைஞர் வழக்கம். தனியறையில் அது கம்பீரமாக இருக்கும். மேடையில் அடி ஒலியை பாஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும், உச்சத்தை சிம்பல் மூடிவிடும். கிட்டார் காணாமல் போகும். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்கி, நடு ஒலியைச் சற்று ஏற்றி, கரகரப்பை வீட்டில் வைத்ததைவிடக் குறைப்பதே சரி. அம்பை நிலத்தில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகும். கதிரை உயரத்தில் ஏற்றினால் வாசிப்பவர் காதுக்கே வரும்.

உப்புக்காற்று இந்தக் கரையின் நிரந்தரத் தொல்லை. ஜக் துளையும் குமிழ்களும் பச்சை பூத்துக் கரகரக்கும். கொண்டக்ட் கிளீனர் அடித்து, பாவிக்காத நேரம் உறையால் மூடினால் அம்ப் பல வருடம் நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். கிட்டார் கம்பிகள் வயர் வழியாக அம்பின் எர்த்தோடு தொடர்புள்ளவை. அம்பிலோ மேடை ஒலிபெருக்கியிலோ எர்த் பழுதாக இருந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் பாடகர் உடம்பு வழியே கரண்ட் பாயலாம். 1972 மே 3ஆம் திகதி வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். இரைச்சலைப் போக்குவதற்காக ப்ளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடுவது உயிரோடு விளையாடுவது. திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் கரண்ட் வரும்போது எர்த் கம்பி நிலத்தில் இறங்கியிருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின்தொழிலாளரிடம் கேட்டுப் பார்த்த பிறகே கிட்டாரைச் செருகுங்கள்.