வண்டியைத் தூக்கும் முன் டேப்பை எடுங்கள்

கார்த்திகை மழையில் பாகூர்ப் பக்கம் வயலுக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். டிராக்டர் சக்கரம் ஆழமாக உழுது போட்ட இரண்டு தடங்களுக்கு நடுவே மண் மேடாக நிற்கும். அதில் நம் பழைய பொலிரோவின் பின் அச்சு உருண்டை மோதி இழுபடும் சத்தம் அது. சத்தம் நின்றால் வண்டியும் நின்றது என்று பொருள். அதன் பிறகு டிராக்டர் வைத்திருக்கும் யாருக்காவது போன் போட வேண்டியதுதான்.

புதுச்சேரியில் இந்தத் தொல்லை ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெரிய பேச்சாகிவிட்டது. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த அந்தப் புயலில், 24 மணி நேரத்தில் 45 செ.மீ.-க்கும் அதிகமான மழை நகரில் கொட்டியது. கிருஷ்ணா நகரில் சில இடங்களில் 5 அடிக்குத் தண்ணீர் நின்று, மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையில் இருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து சேர, பாகூர் கொம்யூன் கிராமங்களும் சம்பா வயல்களும் மூழ்கின. தண்ணீர் வடிந்த கையோடு எங்கள் ஊரில் பலரும் ஒரே யோசனைக்கு வந்தார்கள்: ‘வண்டியை மூணு இன்ச் தூக்கி, பெரிய டயர் போட்டுவிடுவோம்.’

என் பெரியப்பா மகன் அப்படித்தான் செய்தார். அவருடையது 2009 மாடல் பொலிரோ. வெளியூர்ப் பட்டறை ஒன்றில், “அண்ணே, 31 இன்ச் டயர் மாட்டினா ஏரிக்குள்ளயே இறங்கலாம்” என்று ஆசை காட்டியிருக்கிறார்கள். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர்க் கட்டை வைத்தார்கள். பின்னால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை. வண்டி பார்க்க யானைக் குட்டி போல் கம்பீரமாக நின்றது என்னவோ உண்மை.

முதலில் தேய்ந்தது முன் டயர்களின் உள் ஓரம். எட்டாயிரம் கிலோமீட்டருக்குள் கம்பி தெரிய ஆரம்பித்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் கைகள் ஒரு குறிப்பிட்ட சாய்வில் வேலை செய்யும்படி அமைந்தவை. கட்டை வைத்துத் தள்ளினால் அந்தச் சாய்வு மாறி, சக்கரம் நேராக நிற்காது. அலைன்மென்ட் செய்தும் முழுவதும் சரியாகவில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றியபோது பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. கடைசி அடி, 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போனபோது விழுந்தது. ‘பழையபடி ஆக்கிக்கொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்றியதற்கு ஒரு செலவு, இறக்கியதற்கு இன்னொரு செலவு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பு நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சேர்ந்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான்.

சரி, அப்படியென்றால் சேற்றில் மாட்டிக்கொண்டே கிடக்க வேண்டுமா? இல்லை. இதற்கு ஒரு வழியை எனக்குச் சொன்னவர், லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர். என் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். “தம்பி, இந்த வண்டி குள்ளமாப் பொறக்கல. மூட்டை ஏத்தி ஏத்திக் குள்ளமாயிடுச்சு. மொதல்ல இழந்ததை எடுங்க, அப்புறம் தூக்கறதைப் பேசலாம்” என்றார்.

அவர் சொன்னபடி டேப் எடுத்து அளந்தேன். சமதளத்தில், சுமை இல்லாமல் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரத்துக்கும் அளக்க வேண்டும். பிறகு அதே மாடலில் அதிகம் ஓடாத வண்டி ஒன்றையும் அதேபோல் அளக்க வேண்டும். என் வண்டி பின்புறம் இடது பக்கம் 38 மி.மீ., வலது பக்கம் 25 மி.மீ. இறங்கியிருந்தது. முன்பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல் குறைவு. பத்துப் பதினைந்து வருடம் உரமூட்டையும் தீவனமும் ஏற்றிய வண்டி இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் ‘தூக்க’ நினைத்த உயரத்தில் பாதி, வண்டி ஏற்கெனவே இழந்த உயரம். அதைத் திரும்ப எடுப்பது மாற்றம் அல்ல, பழுதுபார்ப்பு. எந்த அலுவலகத்திலும் அதற்குத் தடையில்லை.

பின்பக்கப் பட்டையில் இரண்டு வழி உண்டு. புதுக் கட்டு வாங்கி மாட்டுவது ஒன்று. பழைய பட்டைகளைக் கழற்றி வளைவு ஏற்றி, உடைந்ததையும் விரிசல் விட்டதையும் மட்டும் மாற்றுவது இன்னொன்று. செலவு குறைவு என்று பெரும்பாலோர் இரண்டாவதற்குப் போகிறோம். போகும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: குளிர்ந்த நிலையில் அடித்து வளைக்கிறார்களா, நெருப்பில் காய்ச்சியா? வெறுமனே காய்ச்சி அடித்துவிட்டு, மறுபடி முறையாகப் பதம் ஏற்றாமல் விட்டால் எஃகின் துள்ளல் போய்விடும். அடுத்த அறுவடைக்குள் பட்டை மறுபடி படுத்துவிடும். யூ போல்ட், நடு போல்ட், புஷ் இவற்றைப் பழையதையே மாட்டச் சொல்லாதீர்கள். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்குக் கட்டை வேண்டாம். அதே அளவில் புது ஜோடி வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும்.

‘கூட ஒரு பட்டை சேர்த்துவிடுகிறேன்’ என்பார்கள். தினமும் அரை டன் ஏற்றுகிறவருக்கு அது சரிப்படுவதுபோல் தோன்றலாம். வண்டி காலியாகப் போகும்போது பள்ளத்தில் பின்பக்கம் துள்ளித் துள்ளி இடுப்பை ஒடித்துவிடும். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்புவதால் பிடிமானமும் குறையும். பழைய மேஜர், கமாண்டர் வைத்திருப்பவர்களுக்கு நீள ஷாக்கிள் மாட்டச் சொல்வதும் உண்டு. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் கிடைக்கும் உயரம் 1 அங்குலம்தான். முன்பக்கம் அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலையும்.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பின் அச்சு உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உயர்வது பாடி, சேசிஸ், பம்பர் மட்டுமே. அச்சை உயர்த்துவது டயர் ஒன்றுதான். பொலிரோவுக்கு நிறுவனம் சொல்லும் தரை இடைவெளி 180 மி.மீ. அதில் வரும் 215/75 ஆர்15 டயரின் முழு உயரம் சுமார் 703 மி.மீ. பழைய ஸ்கார்பியோவில் வந்த 235/75 ஆர்15 மாட்டினால் 733 மி.மீ. ஆகும். ஆனால் டயர் 30 மி.மீ. உயர்ந்தால் அச்சு அதில் பாதி, அதாவது 15 மி.மீ.தான் உயரும்.

31 அங்குல டயரில் அச்சு 42 மி.மீ. உயரும் என்பது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-ல் ஓடும். சக்கரம் பெரிதானதால் முதல் கியரின் இழுவை ஏறக்குறைய 10-ல் 1 பங்கு குறையும். சுமையோடு களத்து மேட்டில் ஏறும்போது கிளட்ச் வாசனை வருவது இதனால்தான். பிரேக்குக்கும் வேலை கூடும். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்தால், உயர்ந்த வண்டி கவிழும் வாய்ப்பு அதிகம்.

தேய்மானக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 9 மி.மீ. இருக்கும். நாம் அதை 2 மி.மீ. வரை ஓட்டித் தேய்க்கிறோம். ஆக, அதே அளவில் புது டயர் மாட்டினாலே அச்சு 7 மி.மீ. உயர்ந்துவிடும். அளவு மாற்றிக் கிடைக்கும் 15 மி.மீ.-ல் ஏறக்குறைய பாதி! ஆர்.சி.-யில் கைவைக்க வேண்டாம், உரசலும் இல்லை. நான் 215/75 ஆர்15 அளவிலேயே, ஆழமான வரி கொண்ட ஆல் டெரெய்ன் வகையை வாங்கினேன். நான்கு டயருக்கு 30,000 ரூபாயைத் தாண்டியது. இருந்தாலும் அண்ணனின் இரட்டைச் செலவில் பாதிகூட ஆகவில்லை.

அகலமான டயர்தான் சேற்றுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நம் வயல் சாலைகளில் பெரும்பாலும் மேலே நாலு விரல் சேறு, கீழே கெட்டித் தரை. ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டியைத் தொடும். அகல டயர் மேலேயே வழுக்கும். அந்தக் காலத்து ஜீப்புகள் 6.00-16 என்ற ஒல்லி டயரோடு எத்தனை ஏரிக்கரை ஏறின என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அடியாழம் வரை சேறு என்றால், 30 பவுண்டு காற்றை 20-க்கு இறக்கி மெதுவாகக் கடந்து, வெளியே வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்று வண்டியில் கிடந்தால் போதும்.

தண்ணீருக்கு வருவோம். பாடியை 2 அங்குலம் உயர்த்தினால் 5 அடி வெள்ளத்தில் என்ன மாறிவிடும்? ஓடும் தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு அடி இருந்தாலே பெரிய எஸ்.யு.வி.-யையும் அடித்துச் சென்றுவிடும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை எச்சரிக்கிறது. பெரிய டயர் தண்ணீரில் மிதவை போலவும் வேலை செய்யும். பங்காரு வாய்க்கால் வழிந்து சாலை மேல் ஓடும்போது, எந்த உயர வண்டியாக இருந்தாலும் இந்தப் பக்கமே நிறுத்துங்கள்.

தேங்கி நிற்கும் முழங்கால் தண்ணீருக்குச் சில நூறு ரூபாயில் ஒரு வேலை இருக்கிறது. பின் அச்சு உருண்டையின் மேல் ‘பிரீதர்’ என்ற சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாய்க்கு ரப்பர் டியூப் மாட்டி, பாடியின் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். ஏர் ஃபில்டருக்குக் காற்று எந்த உயரத்தில் நுழைகிறது என்பதையும் பார்த்துவையுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் கழுத்து. இன்ஜின் தண்ணீரைக் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் இறங்கி வந்த மறுநாள் அச்சு ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங் வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள். வண்டியின் நிலை மாறியதால் வெளிச்சமும் மாறியிருக்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இவ்வளவையும் ஆடி, ஆவணியில் செய்துவிடுவது நல்லது. முதல் மழை விழுந்த பிறகு பட்டைக் கடையில் நம் வண்டிக்கு முன்னால் பத்து வண்டி நிற்கும்.