‘பாஸா, பெயிலா?’ என்று கேட்டால் போதாது
கேரளப் பள்ளிகளின் புதிய பரீட்சை முறை: பெற்றோர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம் சாலை பஜாரில் பிழைக்கும் தமிழர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இச்சந்தையில் எடைக் கணக்கும் வட்டிக் கணக்கும் மனக்கணக்காகவே ஓடி வந்திருக்கின்றன. ஆனால், பிள்ளையின் புரோகிரஸ் கார்டைக் கையில் வாங்கியதும் பலருக்குக் கணக்கு இடிக்கிறது. அதில் ரேங்க் இல்லை; கூட்டுத்தொகை இல்லை. ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. “பையன் பாஸா, பெயிலா?” என்று கேட்டால், “எல்லோரும் பாஸ்தான்” என்று பதில் வருகிறது.

எல்லோரும் பாஸ் என்றால் பரீட்சை எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பதில் தெரியாமல் இருந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

210 போய் எழுத்து வந்தது

ஒரு காலத்தில் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் 600 மார்க். 210 எடுத்தவர் கரையேறினார். 209 எடுத்தவர் மூழ்கினார். மாநிலத்தில் முதல் ரேங்க் வாங்கிய மாணவரின் படம் மறுநாள் பத்திரிகைகளில் வரும். 2005-ஆம் ஆண்டு மார்ச் பரீட்சையோடு அந்த முறை முடிந்து கிரேடு முறை வந்தது. 100-க்கு 90-ம் அதற்கு மேலும் ‘ஏ பிளஸ்’. 80 முதல் ‘ஏ’. 70 முதல் ‘பி பிளஸ்’. 60 முதல் ‘பி’. 50 முதல் ‘சி பிளஸ்’. 40 முதல் ‘சி’. 30 முதல் ‘டி பிளஸ்’. அதற்கும் கீழே ‘டி’, ‘இ’ என இரண்டு படிகள். மேற்படிப்புக்குப் போக ஒவ்வொரு பாடத்திலும் ‘டி பிளஸ்’ஸாவது வேண்டும்.

ஆரம்ப வகுப்புகளில் இருப்பதும் இதே எழுத்துக் கணக்குத்தான். படிகள் மட்டும் குறைவு. இதில் 71 வாங்கியவனும் 78 வாங்கியவனும் ஒரே படியில் நிற்கிறார்கள். ஒரு மார்க், இரண்டு மார்க் வித்தியாசத்துக்காகச் சிறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டாம் என்பதே இதன் நோக்கம். ஆகவே ‘பி’ கிரேடு என்றால் இரண்டாம் ரேங்க் என்று பொருள் அல்ல. ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள் ‘பி’ வாங்கலாம்.

‘நிரந்தரம்’ என்ற சொல்லில் ஒரு வில்லங்கம்

பள்ளியிலிருந்து வரும் மலையாளத் தாள்களில் ‘நிரந்தர மூல்ய நிர்ணயம்’ என்று ஒரு தொடர் இருக்கும். தமிழில் நிரந்தரம் என்றால் என்றைக்கும் மாறாதது. எனவே, ‘பிள்ளையின் நிலை இவ்வளவுதான், இனி மாறாது’ என்று பொருள் கொள்ளக்கூடும். மலையாளத்தில் அச்சொல்லுக்கு ‘இடைவிடாமல்’ என்று அர்த்தம். அதாவது, ஆண்டு முழுவதும் தொடர்ந்து செய்யும் மதிப்பீடு. ஆங்கிலச் சுருக்கத்தில் ‘சி.இ.’ என்பார்கள்.

நோட்டுப் புத்தகம் எழுதியது, வகுப்பில் வாய்விட்டு வாசித்தது, செய்முறை வேலை, வீட்டுப்பாடம், சிறு சோதனைகள் ஆகியவற்றைப் பார்த்து ஆசிரியர் இடுவது இம்மதிப்பீடு. ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு முன்பும் ஆண்டு இறுதியிலும் நடக்கும் எழுத்துப் பரீட்சைகள் வேறு.

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். ஊரில் கோயில் கொடை, கல்யாணம் என்று நடுவில் பத்துப் பதினைந்து நாள் பிள்ளையை அழைத்துப் போய்விட்டு, “பரீட்சைக்கு வந்தால் போதாதா?” என்று இருப்பது முன்பு ஒருவாறு செல்லுபடியாயிற்று. இப்போது அந்த நாட்களில் வகுப்பில் நடந்த வேலையும் கணக்கில் சேருகிறது. பரீட்சை நாளில் வந்து உட்கார்ந்து அதை ஈடுகட்ட முடியாது.

30 சதவீதம்: புதிய விதி

தொடர் மதிப்பீட்டு மார்க்கைப் பள்ளிகள் தாராளமாக வழங்குகின்றன என்ற குறை நெடுநாளாக இருந்து வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் 100 மார்க் பாடத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்துப் பரீட்சைக்கு 80. தொடர் மதிப்பீட்டுக்கு 20. இந்த 20-ம் முழுதாகக் கிடைத்துவிட்டால், 80-க்கு வெறும் 10 எழுதியவனும் மொத்தம் 30 வாங்கித் தேறிவிடுவான். சரியாக எழுதப் படிக்க வராமலேயே பத்து வகுப்பையும் ஒரு பிள்ளை தாண்டிவிட இது இடம் கொடுத்தது.

இதற்குத்தான் 2024-இல் கேரள அரசு ‘பாடவாரிக் குறைந்தபட்ச மார்க்’ என்ற விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துப் பரீட்சையில் மட்டும் தனியாக 30 சதவீதம் எடுக்க வேண்டும். 80-க்கு 24, 40-க்கு 12. 2024-25 கல்வியாண்டில் 8-ஆம் வகுப்பில் இது தொடங்கியது. 2025-26-இல் 5-ஆம் வகுப்பு முதல் 9-ஆம் வகுப்பு வரை விரிந்தது. 2026-27-இல் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் வரும் என்று அறிவிக்கப்பட்டது.

எடுக்கத் தவறினால் என்ன ஆகும்? பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைப்பது இதன் நோக்கம் அல்ல. பின்தங்கிய பாடத்தில் மட்டும் கூடுதல் வகுப்பு நடத்தி, மறுபடி பரீட்சை வைக்கிறார்கள். 2025 ஏப்ரலில் 8-ஆம் வகுப்புக்கு அப்படித்தான் நடந்தது. ஏப்ரல் பிறந்ததும் குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு ரயிலேற்றும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. டிக்கெட் எடுக்குமுன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் சொல்வது

‘எல்லோரும் பாஸ்’ என்பது ஆசிரியர்களின் சலுகை அல்ல. 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. பெயிலான பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குப் போய்விடுகிறது என்பதே காரணம். 2019-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. 5, 8-ஆம் வகுப்புகளில் ஆண்டிறுதிப் பரீட்சை; தவறினால் கூடுதல் போதனை, இரண்டு மாதத்துக்குள் மறுபரீட்சை; அதிலும் தவறினால் நிறுத்தி வைக்கலாமா என்பதை அரசுகள் முடிவு செய்யலாம் என்று ஆயிற்று.

மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு நிறுத்தி வைக்கும் விதியைக் கொண்டுவந்தது. ரயில்வே, தபால் இலாகா போன்றவற்றில் வேலை பார்த்து, பிள்ளைகளைக் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை அரசுப் பள்ளியிலும் மற்றொன்று கேந்திரிய வித்யாலயாவிலும் படித்தால், இரண்டுக்கும் விதி ஒன்றல்ல.

ஊருக்குத் திரும்புவோர்

வேலை மாற்றலாலோ குடும்ப நிலையாலோ நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் திரும்பும் குடும்பங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி ரத்து செய்தார்கள். ஆகவே அந்தப் பயம் வேண்டாம். ஆனால் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்தும் முறை வந்தது. கேரளத்தில் மலையாளவழியில் படித்த பிள்ளை, தமிழ் எழுத்து தெரியாததால் அங்கே ‘அரும்பு’ நிலைக்குப் போக நேரிடலாம். அது அறிவுக்குறை அல்ல, பழக்கக்குறை. வீட்டில் தினமும் கால் மணி நேரம் தமிழ்ப் பத்திரிகையை வாசிக்க வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்குப் பின்பும் வகுப்பு வாரியாகப் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் மட்டும் ஒவ்வொரு பாடத்திலும் எத்தனைக்கு எத்தனை? எந்த இடத்தில் பிள்ளை தடுமாறுகிறது? வாசிப்பிலா, எழுத்திலா, கழித்தல் கணக்கிலா? அதற்குப் பள்ளியில் கூடுதல் வகுப்பு எப்போது? விடைத்தாளையும் கேட்டுப் பார்க்கலாம். மலையாளம் பேசத் தயக்கம் இருந்தால் பிள்ளையையே துபாஷியாக வைத்துக்கொள்ளாமல், பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துப் போவது உத்தமம். பிள்ளை தன் குறையைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியுமா?

சுமட்டுத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் அரை நாள் என்பது அரை நாள் கூலி. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் இக்கூட்டத்துக்குப் போய்வரக் கூலி பிடிக்காமல் அனுமதி கொடுப்பது சாலையின் கடை முதலாளிகளுக்குப் பெரிய நஷ்டமாகிவிடாது. போகாமல் விட்டால், பிள்ளை பின்தங்கியிருப்பது மறுபரீட்சை நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போதுதான் தெரியவரும்.