நீக்கிய மென்பொருள் விட்டுச் செல்லும் எச்சங்கள்

ஈக்காட்டுத்தாங்கலில் நாங்கள் நடத்தும் மக்தபுக்குச் சகோதரர் ஒருவர் பழைய லேப்டாப் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். பிள்ளைகளின் வருகைப் பதிவும் ஜமாஅத்தின் வரவு செலவும் அதில்தான். சில வாரங்களில் புதுச் சிக்கல் வந்தது. கூகுளில் தேடினால் யாரும் கேள்விப்படாத வேறொரு தேடுதளம் திறந்தது, பக்கமெங்கும் விளம்பரம். இலவச பிடிஎஃப் மென்பொருள் ஒன்றை இறக்கியபோது உடன் ஒட்டிக்கொண்டு வந்த சரக்கு அது. பொருளாளர் பாயிடம் கேட்டால், "ஹஜ்ரத், அதைத்தான் போன வாரமே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேனே!" என்கிறார். அதே லேப்டாப்பில்தான் அவர் ஜமாஅத் வங்கிக் கணக்கையும் திறக்கிறார் என்பதுதான் என்னைக் கவலைப்படுத்தியது.

நான் கணினித் துறைக்காரன் அல்லன். ஓதிக் கொடுப்பது என் பணி, படித்தது கலைப் பட்டம். தேவை வந்ததால் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன்.

அன்இன்ஸ்டால் என்பது அந்த மென்பொருளே தன்னை நீக்கிக்கொள்ளும் வேலை. மென்பொருளோடு வரும் நீக்கி எதை அழிக்கச் சொல்லி எழுதப்பட்டதோ அதை மட்டுமே அழிக்கும். நேர்மையான நிறுவனங்களின் மென்பொருளே சில கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் விட்டுச் செல்வதுண்டு. அவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை. நம்மிடம் சொல்லாமல் நுழைந்த சரக்கு வேண்டுமென்றே விட்டுச் செல்வதுதான் ஆபத்து.

இதற்குப் பெரிய உதாரணம் லெனோவா. 2014 இறுதியில் அந்நிறுவனம் விற்ற சில லேப்டாப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே இருந்தது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காக, அது விண்டோஸில் தனக்கென ஒரு ரூட் சான்றிதழை நிறுவிக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. அது வெளியே தெரிந்துவிட்டதால், போலி வங்கித் தளத்தைக்கூட அக்கணினி உண்மை என நம்பும் நிலை. 2015 பிப்ரவரியில் விஷயம் வெடித்தபோது பலர் மென்பொருளை நீக்கினார்கள். சான்றிதழ் அப்படியே இருந்தது! லெனோவா தனி நீக்கியை வெளியிட்டது, மைக்ரோசாஃப்ட்டும் டிஃபெண்டர் மூலம் அதை அகற்றியது. அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளிலும் இடெல்ரூட் என்ற சான்றிதழ் சிக்கியது. அதை அழித்தாலும் உடனிருந்த ஒரு கோப்பு மீண்டும் நிறுவிவிடும்.

சரி, என்ன செய்வது? முதலில் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். பல கணினிகளில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே இருக்கும், அதை இயக்கிய பிறகுதான் உருவாக்க முடியும். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று முறைப்படி அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோபத்தில் ஃபோல்டரை நேரடியாக அழித்துவிடாதீர்கள். நீக்கி பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கும். அது போய்விட்டால் பட்டியலில் பெயர் நிற்கும், நீக்கவும் முடியாது. ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? மைக்ரோசாஃப்ட் இதற்கென ஒரு ட்ரபிள்ஷூட்டரை இலவசமாகத் தருகிறது.

அடுத்து எச்சங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டு ஃபோல்டர்களையும் பாருங்கள். புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா இரண்டும் மறைந்திருக்கும். வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைத் தேர்ந்தால் தெரியும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியைப் பார்த்தால் மட்டும் போதாது. டாஸ்க் ஷெட்யூலரையும் திறந்து பாருங்கள், நீக்கிய சரக்கைத் தினமும் மீண்டும் இறக்கும் வேலை பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சான்றிதழ்களைப் பார்க்க, ஸ்டார்ட்டில் 'மேனேஜ் கம்ப்யூட்டர் சர்ட்டிஃபிகேட்ஸ்' எனத் தேடி, டிரஸ்டட் ரூட் பட்டியலைத் திறங்கள். அங்கே தெரியாத பெயர் எல்லாம் கெட்டதல்ல. இணையத்தில் தேடி உறுதி செய்யாமல் எதையும் அழிக்க வேண்டாம்.

எங்கள் லேப்டாப்பில் நோய் குரோமில் இருந்தது. மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று ஒரு வரி. எந்த ஆர்கனைசேஷன்? எங்கள் ஜமாஅத்தில் அப்படி ஒன்றும் இல்லையே! எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ரிமூவ் பொத்தானும் வேலை செய்யவில்லை. அலுவலகங்கள் தம் கணினிகளைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் பாலிசி வசதியை அந்தச் சரக்கு தனக்குச் சாதகமாக்கியிருந்தது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் சென்று, அந்தக் குரோம் பதிவை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அழித்தேன். கரன்ட் யூசர் பகுதியிலும் அதே இடத்தைப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் ரிமூவ் பொத்தான் உயிர்பெற்றது, அல்ஹம்துலில்லாஹ். அலுவலகம் தந்த லேப்டாப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே அந்த வரி உண்மையாகவே இருக்கும். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதையும் நீக்குங்கள்.

"ஒரே சொடுக்கில் ரெஜிஸ்ட்ரி சுத்தம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அத்தகையவற்றை மைக்ரோசாஃப்ட்டும் ஆதரிப்பதில்லை. 2017 ஆகஸ்ட்டில் உலகப் புகழ்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே விஷமிகள் தம் நிரலைப் புகுத்தியிருந்தார்கள், சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது இறங்கியது. துடைக்க வந்த துணியிலேயே அழுக்கு.

வேறு உதவி வேண்டுமானால், இந்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவச நீக்கிக் கருவிகள் உள்ளன. விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனும் நல்லது. விண்டோஸ் முழுமையாக இயங்குவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பதும் சிக்கும். பதினைந்து நிமிடம் போல் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால், கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு 'ரீசெட் திஸ் பிசி' தான் வழி. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அந்த லேப்டாப்பில் தட்டிய பாஸ்வேர்டுகளை யார் பார்த்தார்களோ தெரியாது. பொருளாளர் பாய் அன்று மாலையே தம் கைப்பேசியிலிருந்து வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.