சந்தடியில் ஒரு சொல்

சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்து எதிர்சேவை என்றால் கூட்டத்துக்குக் கேட்பானேன்! கொட்டு முழக்கம் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம், பலூன்காரரின் ஊதல் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் நடுவே, "அம்மா, தண்ணீர்!" என்று குழந்தை கேட்டால் உங்கள் காது அதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. இதை ஒரு பெரிய வித்தையாக நாம் நினைப்பதே இல்லை.

காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட ஒரு சிறுமி அதே கூட்டத்தில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்தமெல்லாம் அவளுக்குக் கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை. "அதுதான் மிஷின் வைத்தாயிற்றே, இன்னும் என்ன?" என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். பாவம், அவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிவிடுகிறாள்.

குற்றம் அவளுடையதல்ல. உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்புக்குள், இயற்கை சுமார் 15,000 நுண்ணிய மயிர் உயிரணுக்களை வைத்திருக்கிறது. அவற்றின் வேலையை இந்தக் கருவியில் 12 முதல் 22 மின்முனைகளே செய்தாக வேண்டும்! அமைதியான அறையில் சமாளித்துவிடலாம். இரைச்சலிலோ பேச்சும் சந்தடியும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள். ஆனால் டாக்டர் செய்வது பாதிதான். மீதி, சகோதரிகளே, உங்கள் கையில் இருக்கிறது.

தூரத்திலிருந்து கத்தாதீர்கள், கிட்டே போங்கள். வெளியிடத்தில் தூரம் பாதியானால் உங்கள் குரல் 6 டெசிபெல் உயரும். சுற்றியுள்ள இரைச்சல் உயராது. முகத்தில் வெளிச்சம் விழ, உதடு தெரியப் பேசுங்கள். புரியாவிட்டால் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். மிக்ஸி ஓடும்போது பாடம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஹோட்டலில் இரைச்சல் அவள் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள்; முன்னால் வரும் பேச்சை மட்டும் முக்கியமாக வாங்கும் மைக் பல கருவிகளில் உண்டு. இரைச்சலுக்கென்று கருவியைத் தனியாகச் சீரமைக்க முடியுமா என்று செவித்திறன் நிபுணரைக் கேளுங்கள். வகுப்பில் டீச்சர் சிறிய கம்பியில்லா மைக்கை அணிந்துகொண்டால், குரல் நேரே கருவிக்குப் போய்விடும்.

இன்னொன்று: "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவாள். "நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்" என்று அன்பாகக் கேளுங்கள். "புரியவில்லை, அம்மா" என்று அவள் பயமில்லாமல் சொன்னால் சந்தோஷப்படுங்கள். மறுபடி ஒரு தடவை சொல்வதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?