தோட்டத்துத் தாயரும் இரத்தச்சோகையும்

கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலம் முடியும்வரை ஏறத்தாழ 1 கிராம் இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும். ஒரு சிற்றாணியின் எடையே அது. ஆயினும் கொழுந்துக்கூடை சுமந்தோ இறப்பர்ப் பால் வெட்டியோ வாழும் சபரகமுவத் தோட்டப் பெண்ணுக்கு அதனைப் பெறுதல் எளிதன்று. கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே பலருக்கு உணவு. மீனும் இறைச்சியும் அருமையாகவே கிட்டும். இடைவெளியின்றி அடுத்தடுத்துக் கருவுறின், முந்திய பேற்றில் இழந்த இரும்பு மீளுமுன்னரே புதிய தேவை வந்து சேரும். சோகையுற்றவளுக்கோ, பேற்றின்போது நேரும் சிறு குருதிப்போக்கும் உயிருக்கு இடராகலாம்.

ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் கொளுக்கிப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். அதனை ஒழிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கைத் தோட்டங்களிலே பணி தொடங்கினர். மலசலகூட வசதியற்ற லயன்களில் மருந்துண்டவரையும் புழு மீண்டும் பற்றியது.

இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்றுண்டு. அவள் பறிக்கும் தேயிலையே அது! உணவோடு பருகும் சாயத்தண்ணீரிலுள்ள பொலிபீனோல்கள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிணித்து, உடலிற் சேராது தடுக்கின்றன. மருத்துவமாது தரும் இரும்பு மாத்திரையை அச்சாயத்தோடே விழுங்கினால் அதன் பயனும் பெரிதும் குன்றும். மாத்திரையை நீரோடு விழுங்கி, தேநீரை ஒரு மணிநேரமேனும் தள்ளிவைத்து, உணவிலே தேசிக்காய் பிழிந்துகொள்வாளாயின் இரும்பு நன்கு ஏறும். மாத்திரையால் மலம் கறுத்தல் இயல்பே. அதுகண்டு அஞ்சி நிறுத்துதல் வேண்டா.