இரயில் படங்களைத் தொகுத்துக் காப்போம்

1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இந்நாட்டின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அதன்பின் காடு திருத்தியும் கல் பரப்பியும் தண்டவாளம் பதித்தும் பாதைகளை வளர்த்தவர்களுள் தமிழர் மிகப் பலர். நிலைய அதிபர்களாகவும் செந்தூல் பணிமனைத் தொழிலாளர்களாகவும் நம் முன்னோர் உழைத்தனர்.

அவ்வுழைப்பின் சான்றுகளான நிழற்படங்கள் இன்று எங்கே இருக்கின்றன? பல, வீட்டு அலமாரிகளிலும் பழைய பிஸ்கட் டின்களிலும் முடங்கிக் கிடக்கின்றன. நம் நாட்டு ஈரக்காற்றில் அவை பூஞ்சை பிடிக்கின்றன, கறையானுக்கும் இரையாகின்றன. ஆதலால், பல குடும்பத்தார் ஒன்றுகூடி இணையத்தில் ஒரு பொதுப் படத்தொகுப்பை அமைத்தல் நலம். மூலப்படம் உரியவர் வீட்டிலேயே இருக்கும். அதன் படி மட்டுமே தொகுப்பில் சேரும்.

முதற்பணி படியெடுத்தல். படத்தை மேசைமீது சமமாக வைத்து, நேர்வெயில் படாத பகலொளியில், கைப்பேசியை நேர்மேலாகப் பிடித்து எடுக்க வேண்டும். மின்னல் விளக்கைப் பயன்படுத்தினால் படத்தில் ஒளி தெறிக்கும். பின்புறத்தையும் தவறாது படமெடுக்க வேண்டும். அங்குள்ள கையெழுத்தும் படநிலைய முத்திரையும் விலைமதிப்பற்ற செய்திகளாகும். ஆல்பத்தில் ஒட்டியுள்ள படத்தை வலிந்து பிய்த்தல் கூடாது.

இரண்டாம் பணி பெயரிடுதல். கைப்பேசி தானாக இடும் பெயரால் பயனில்லை. 'ஆண்டு, இடம், எண்' என்னும் முறையில் '1974-ஈப்போ-01' எனப் பெயரிட்டால், கணினி அவற்றைக் கால வரிசையில் தானே அடுக்கிவிடும். ஆண்டு ஐயமாயின் 'சுமார்' என்று குறிப்பில் எழுதுவதே நேர்மை.

மூன்றாம் பணி பிரித்தடுக்குதல். மேற்குக் கரைப் பாதை, கெமாசிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதை எனப் பிரித்து, ஒவ்வொன்றினுள்ளும் நிலையவாரியாக அடுக்கலாம். ஊர்ப்பெயர்கள் மாறியிருத்தலையும் நினைவிற்கொள்ள வேண்டும். போர்ட் வெல்டு இன்று கோல செப்பேத்தாங். தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான். இரு பெயர்களையும் குறித்தால்தான் தேடுவோர்க்குப் படம் கிட்டும்.

காலத்தைக் கணிக்கப் படமே துணைசெய்யும். கோலாலம்பூர் நிலையத்தின் குவிமாடக் கட்டடம் 1910இல் எழுந்தது. எனவே அது தெரியும் படம் அதற்கு முற்பட்டதாகாது. சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்தில் பயணிகள் இரயில் நிற்கும் படமாயின், அது 1932க்கும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30க்கும் இடைப்பட்டதாகும்.

படம் தந்தவரின் இசைவைப் பெற்றே வெளியிட வேண்டும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி ஆகியவற்றை எழுதலாகாது. படங்களை நீக்கும் உரிமையைப் பொறுப்பான இருவரிடம் மட்டும் ஒப்படைத்தல் நன்று. இணையத்தை மட்டுமே நம்பாமல், தனி வட்டிலும் ஒரு படி வைத்திருத்தல் வேண்டும்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. படத்திலுள்ளோர் யார் எனக் கேட்டறிந்து எழுதுவதே அது. பழுதுற்ற படத்தைக் கணினியால் ஓரளவு சீர்செய்ய இயலும். மறக்கப்பட்ட பெயரை எந்தப் பொறியாலும் மீட்க இயலாது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில் பாதையை அமைக்க, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மீளாதோர் மிகப் பலர். அத்தகையோர் ஒருவரின் படம் ஒரு வீட்டில் எஞ்சியிருக்குமாயின், அவர் பெயரையும் தோட்டத்தையும் சொல்லக்கூடிய முதியவர் இன்று ஒருவரோ இருவரோதான் இருப்பர்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள். யார், எங்கே, எப்போது, என்ன வேலை, யார் எடுத்த படம் என்னும் ஐந்து வினாக்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னவாறே எழுதுங்கள். பெற்றோர் பெட்டியைத் திறந்து உதவட்டும். பாதை அமைத்தோரின் பெயர்கள் நம் காலத்தில் அழிந்துபோக நாம் இடந்தரலாகாது.